விடுதி வாசலில் நின்றுவிட்ட சட்டம்

கல்வி நிலையங்களில் புதிதாகச் சேரும் மாணவரை மூத்த மாணவர்கள் இழிவுபடுத்தியும் அடித்தும் அச்சுறுத்தியும் அடக்கியாளும் வழக்கம் தமிழ்நாட்டில் ராகிங் என்றும் இலங்கைத் தமிழரிடையே பகிடிவதை என்றும் வழங்குகிறது. இதன்பால் சமூகமும் நீதிமன்றங்களும் போதிய கண்டிப்புக் காட்டுகின்றனவா என்னும் கேள்வி ஒவ்வொரு மாணவரின் சாவுக்குப் பின்னரும் எழுகிறது. எழும்போதெல்லாம் சிறைத்தண்டனையின் ஆண்டுகளைக் கூட்டுவதே விடையாக முன்வைக்கப்படுகிறது. இவ்வழக்கத்தின் வரலாற்றையும் அதற்கெதிரான சட்டங்களின் வரலாற்றையும் ஒருசேர வைத்துப் பார்த்தால், கண்டிப்பு உண்மையில் எந்த இடத்தில் குறைந்திருக்கிறது என்பது வேறுவிதமாகப் புலப்படும். உயிர் போன பின் சட்டம் பெரும்பாலும் கடுமையாகவே நடந்துகொண்டிருக்கிறது. முதல் அடி விழுந்த இரவுக்கும் உயிர் போன நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில், புகாரைக் கேட்கக் கடமைப்பட்டவர்கள் கேளாமல் இருந்ததற்குத்தான் அது அரிதாகவே கணக்குக் கேட்டிருக்கிறது.

இதைத் தடைசெய்த பழைய சட்டங்களுள் ஒன்று ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டினியன், பல நூற்றாண்டுகளாகச் சிதறிக்கிடந்த ரோமானியச் சட்டங்களைத் தொகுப்பித்தபோது, சட்டக் கல்விக்குப் புதிய பாடத்திட்டம் ஒன்றையும் வகுத்து கி.பி. 533 டிசம்பரில் ஆணை பிறப்பித்தார். லத்தீன் மூலத்தின் முதற்சொல்லைக் கொண்டு 'ஓம்னெம்' என்று அறியப்படும் அந்த ஆணை, எந்த ஆண்டில் எந்த நூலைப் பயில வேண்டும் என்பதை விரிவாகச் சொல்லிய பின், கான்ஸ்டாண்டிநோபிளிலும் பெய்ரூட்டிலும் சட்டம் பயிலும் மாணவர்கள் ஆசிரியர்மீதோ சக மாணவர்மீதோ, சிறப்பாகப் புதிதாக வந்து சேர்ந்தோர்மீதோ, இழிவான விளையாட்டுகளை நிகழ்த்தலாகாது என்று விலக்குகிறது. குற்றத்தில் முடியும் ஒன்றை விளையாட்டு என்று எவரால் அழைக்க முடியும் என்று அந்த ஆணையே வினவுகிறது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன், ஏதென்ஸில் பயின்ற நாசியான்சஸ் கிரகோரியார், புதிய மாணவரை ஊர்வலமாகக் குளிப்பிடத்துக்கு இட்டுச் சென்று கூச்சலிட்டு மிரட்டும் சடங்கைப் பற்றி எழுதியிருப்பதால், ஜஸ்டினியன் விலக்கிய வழக்கம் அவர் காலத்திலேயே பழையதாகிவிட்டது என்பது தெளிவு. ஆணையில் கருதத்தக்க கூறு அதன் அமலாக்கப் பகுதியாகும்: தலைநகரில் நகர ஆட்சியாளரும், பெய்ரூட்டில் அம்மாகாண ஆளுநர், அந்நகரின் ஆயர், சட்ட ஆசிரியர்கள் ஆகியோரும் இதைத் தடுக்கும் பொறுப்புடையவர்கள் என்று பதவி சுட்டிப் பணிக்கப்பட்டனர். தவறு செய்பவர் யார் என்பதைச் சொன்னதோடு நில்லாமல், தடுக்க வேண்டியவர் யார் என்பதையும் அந்தப் பழைய சட்டம் சொல்லியது.

இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் இதற்கு நேர்மாறான வழியில் சென்றன. வழக்கத்தை ஒழிப்பதற்குப் பதிலாக அதைத் தம் சேர்க்கை முறையின் பகுதியாகவே ஆக்கிக்கொண்டன. ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் 'டெபோசிட்டியோ' என்று வழங்கிய சடங்கில், புதிய மாணவர் இன்னும் மனிதராகாத விலங்கு என்று கருதப்பட்டு, கொம்பு வைத்த தொப்பி தலையில் மாட்டப்பட்டு, காட்டுப்பன்றிப் பல் வாயில் திணிக்கப்பட்டு நிறுத்தப்பட்டார். பின் வாளால் கொம்பை அறுத்து, குறடால் பல்லைப் பிடுங்கி, தச்சரின் இழைப்புளியால் உடம்பைச் சீவுவதுபோல் தேய்த்து அவரை மனிதராக்கினர். இறுதியில் மூத்தவர்களுக்கு விருந்து வைக்கும் செலவும் அவர் தலையிலேயே விழுந்தது. சடங்கை நடத்துவதற்கென்று அலுவலர் இருந்ததும், அது முடிந்ததற்குச் சான்று காட்டிய பின்னரே சேர்க்கைப் பதிவு நடந்ததும் உண்டு. நிறுவனமே ஏற்றுக்கொண்ட கொடுமை எல்லை கட்டி நிற்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் அது முதலாண்டு மாணவரை ஓராண்டு முழுவதும் மூத்தவரின் ஏவலாளாக வைத்துக்கொள்ளும் 'பென்னலிசம்' என்னும் முறையாக முற்றியது. ஒரு பல்கலைக்கழகம் நீக்கிய மாணவரை அடுத்த பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டதால் எவருடைய தண்டனைக்கும் பயனில்லாமல் போயிற்று. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல்கலைக்கழகங்கள் தமக்குள் உடன்பாடு செய்து, ஓரிடத்தில் நீக்கப்பட்டவரை வேறெங்கும் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்த பிறகே அந்த முறை தளர்ந்தது. ஏறத்தாழ 340 ஆண்டுகளுக்குப் பின் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்திலும் இதே ஏற்பாடு இடம்பெற்றது.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இவ்வழக்கம் இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளிகள் வழியே வந்தது. ஈட்டன், வின்செஸ்டர், ரக்பி போன்ற பள்ளிகளில் இளைய மாணவர் மூத்த மாணவருக்குக் காலணி துடைத்து, தேநீர் காய்ச்சி, ரொட்டி வாட்டிக் கொடுக்கும் ஊழியம் நிலைபெற்ற முறையாக இருந்தது. 1828-இல் ரக்பியின் தலைமையாசிரியரான தாமஸ் ஆர்னால்ட், சீர்திருத்தக்காரர் என்று போற்றப்பட்டவராயினும், இந்த ஊழியத்தை ஒழிக்காமல் உயர்வகுப்பு மாணவரின் அதிகாரத்தை முறைப்படுத்தி, பள்ளியின் ஒழுங்கைக் காக்கும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்தார். சிறுவரை ஆள்வதற்கு ஆசிரியரினும் மூத்த மாணவரே தக்கவர் என்னும் இக்கருத்து, பேரரசின் அலுவலரையும் படைத்தலைவரையும் உருவாக்கிய பள்ளிகளில் வேரூன்றி, அவர்கள் வழியே குடியேற்ற நாடுகளின் கல்லூரி விடுதிகளுக்கும் பயிற்சி நிலையங்களுக்கும் பரவியது. இலங்கையில் இரண்டாம் உலகப்போர் முடிந்து படைப்பணியிலிருந்து மீண்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்கள் வழியே பகிடிவதை நுழைந்ததாக ஒரு கருத்து நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. வழி எதுவாயினும், 1952 முதல் பேராதனை உறைவிடப் பல்கலைக்கழகமாக வளர்ந்தபோது விடுதியும் பகிடிவதையும் பிரிக்கவியலாதபடி இணைந்துவிட்டன. இந்தியாவிலும் விடுதலைக்குப் பின் மருத்துவ, பொறியியல் கல்லூரிகள் பெருகி, முதல் தலைமுறையாகப் படிக்கவந்த சிற்றூர்ப் பிள்ளைகள் விடுதிகளில் நிறைந்த காலத்தில்தான் இது வேகங்கொண்டது.

வழக்கத்தின் உள்ளமைப்பை அறியாமல் சட்டத்தின் தோல்வியை விளங்கிக்கொள்ள முடியாது. தொடக்கம் பெரும்பாலும் 'இன்ட்ரோ' எனப்படும் அறிமுகம்தான்: புதியவர் சீனியரின் முகத்தைப் பாராமல் தம் சட்டையின் மூன்றாவது பொத்தானைப் பார்த்தபடி நின்று, பெயரையும் ஊரையும் பள்ளியையும் ஒப்பிக்க வேண்டும். பின்னர் பாட்டு, ஆட்டம், வணக்கம் வைக்கும் முறை, உடுத்தக்கூடிய உடை. அதன்பின் பதிவேடுகளை எழுதிக்கொடுத்தல், கடைக்கு ஓடுதல், அறையைக் கூட்டுதல். இவற்றுக்கெல்லாம் பணிந்தவரிடம் அடுத்தபடியாக ஆடை களைதலும் அடியும் வந்து சேர்கின்றன. ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிடச் சிறிதளவே கூடுதலாக இருப்பதால், எந்த இடத்தில் மறுப்பது என்பது பாதிக்கப்பட்டவருக்கே தெரிவதில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்க்கும் தெரிவதில்லை. மறுநாள் காலையில் இதே சீனியர்தான் பழைய குறிப்பேடுகளைத் தருபவர், உணவுக்கூடத்தில் இடம் விடுபவர், காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவர். அன்பையும் அடியையும் ஒரே கை வழங்கும் இந்த ஏற்பாட்டில், அடி வாங்கியவர் அடுத்த ஆண்டில் அடிப்பவராகும் உரிமையையும் பெறுகிறார். வழக்கம் தலைமுறை தாண்டி உயிரோடிருப்பதற்கு இந்த வாக்குறுதியே போதுமானதாக இருந்திருக்கிறது.

அரசு இவ்வழக்கத்தின்மீது கைவைத்த முதல் பெரிய நிகழ்வு தெற்காசியாவில் இலங்கைக்கு உரியது எனலாம். இன்று களனிப் பல்கலைக்கழகமாக விளங்கும் அன்றைய வித்தியாலங்கார வளாகத்தில் 1974-இல் பயிற்சிக்கு வந்த கணித ஆசிரியர்கள் வதைக்கப்பட்டதையடுத்து, சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு குலரத்ன ஆணைக்குழுவை அமைத்தது. அதன் விளைவாக 12 மாணவர்கள் வெளியேற்றப்பட்டதோடு, உரிய நடவடிக்கை எடுக்கத் தவறிய 4 பல்கலைக்கழக அலுவலர்களும் தண்டிக்கப்பட்டனர். ஆயினும் 1975-இல் பேராதனையின் இராமநாதன் விடுதியில் விவசாய பீடத்து மாணவி ஒருவர் வதைக்குத் தப்பும் பொருட்டு இரண்டாம் மாடியிலிருந்து குதித்து, உடல் செயலிழந்தவராய் 27 ஆண்டுகள் வாழ்ந்து 2002-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். சாவு உடனே நேராத இடங்களில் இவ்வழக்கம் அழித்த வாழ்வுகளின் கணக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் ஏறுவதில்லை என்பதற்கு அந்த 27 ஆண்டுகளே சான்று.

தமிழ்நாட்டில் இவ்வரலாற்றின் திருப்புமுனை சிதம்பரத்தில் 1996 நவம்பரில் நிகழ்ந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு பயின்ற பொன். நாவரசு அம்மாதம் 6-ஆம் நாள் முதல் காணாமற்போனார். மறுநாள் சென்னை மந்தைவெளியில் நின்ற மாநகரப் பேருந்து ஒன்றில் கேட்பாரற்றுக் கிடந்த பொதியில் தலையும் கைகால்களும் அற்ற உடல் கண்டெடுக்கப்பட்டது. அது அவருடையதே என்பது பின்னர் அறியப்பட்டது. ஏனைய உறுப்புகள் வெவ்வேறு இடங்களில் மீட்கப்பட்டன. மூத்த மாணவர் ஒருவரின் ஆணைகளுக்குப் பணிய மறுத்ததே கொலைக்குக் காரணம் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. மாநிலமே அதிர்ந்தது, அடுத்த மாதமே அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, 1997-இல் அதைத் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டமாக நிறைவேற்றியது. இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றுவதில் தமிழ்நாடு முந்திக்கொள்ள, ஆந்திரம், கேரளம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகியவை அடுத்த சில ஆண்டுகளில் பின்தொடர்ந்தன. இறந்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தருடைய மகன் என்பதை இங்கே மறவாமல் குறிக்க வேண்டும். கல்வித்துறையின் உச்சியில் இருந்த ஒருவரின் பிள்ளைக்கே விடுதியறை பாதுகாப்பாக இல்லையெனில், கடன் வாங்கிப் பிள்ளையைச் சேர்த்துவிட்டு ஊர் திரும்பிய உழவர் குடும்பத்தின் நிலை என்ன என்பதைச் சமூகம் அப்போதுதான் எண்ணிப் பார்த்தது.

அந்தச் சட்டம் சிறியது. ஆனால் அதன் வரையறை அகலமானது. உடலுக்கோ மனத்துக்கோ தீங்கு விளைவிக்கும், அல்லது விளைவிக்கக்கூடிய, அல்லது அச்சமோ வெட்கமோ சங்கடமோ உண்டாக்கும் ஒழுங்கற்ற நடத்தை ராகிங் எனப்படும். கேலி, வசை, காயப்படுத்துதல் ஆகியவற்றோடு, ஒரு மாணவர் இயல்பாக விரும்பிச் செய்யமாட்டாத எதையேனும் செய்யச் சொல்வதும் அதில் அடங்கும். இந்தக் கடைசிப் பகுதி, 'அவரே சம்மதித்துத்தான் ஆடினார்' என்னும் வழக்கமான சமாதானத்துக்கு இடமில்லாமல் செய்தது. நிறுவனத்துக்குள்ளும் வெளியிலும் இது குற்றம். 2 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் தண்டனை. குற்றவாளி எனத் தீர்க்கப்பட்ட மாணவர் நீக்கப்படுவதோடு வேறெந்தக் கல்வி நிறுவனத்திலும் சேர்க்கப்படலாகாது. சட்டத்தின் உயிர்நாடி இதற்கு அடுத்து வருகிறது. புகார் வந்தவுடன் நிறுவனத் தலைவர் விசாரித்து, உண்மையெனக் கண்டால் உரியவரைத் தற்காலிகமாக நீக்கியாக வேண்டும் என்கிறது 6-ஆம் பிரிவு. அவ்வாறு செய்யத் தவறினாலோ அலட்சியம் காட்டினாலோ அத்தலைவர் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகவே கருதப்பட்டு, குற்றவாளிக்குரிய தண்டனையையே பெறுவார் என்கிறது 7-ஆம் பிரிவு. ஒரு கல்லூரி முதல்வரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய இந்தப் பிரிவைவிடக் கடுமையான எதையும் அதற்குப் பின் வந்த நீதிமன்ற ஆணைகளோ விதிமுறைகளோ சேர்த்துவிடவில்லை.

சட்டத்துக்குக் காரணமான வழக்கோ அந்தச் சட்டத்தின் கீழ் நடக்கவில்லை. குற்றம் நிகழ்ந்த நாளில் நடைமுறையில் இல்லாத சட்டத்தால் எவரையும் தண்டிக்கலாகாது என்பது அரசமைப்பின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாதலால், வழக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் கொலை, சாட்சியத்தை மறைத்தல் முதலிய பிரிவுகளின் கீழேயே நடந்தது. நேரில் கண்ட சாட்சி இல்லை. கடைசியாக யாரோடு காணப்பட்டார், எந்த அறையில் என்ன கிடைத்தது என்பன போன்ற செய்திகளைக் கோத்து உண்மையை நிறுவும் சூழ்நிலைச் சான்றையே அரசுத் தரப்பு நம்பியிருந்தது. கடலூர் அமர்வு நீதிமன்றம் 1998 மார்ச்சில் அந்த மூத்த மாணவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சான்றுகளின் சங்கிலி முழுமையடையவில்லை என்று கருதிய சென்னை உயர் நீதிமன்றம் 2001 அக்டோபரில் விடுதலை செய்தது. அவ்விடுதலையை 2011 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கி ஆயுள் தண்டனையை நிலைநிறுத்தியது. குற்றத்துக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே 14 ஆண்டுகளும் 5 மாதங்களும் ஓடியிருந்தன. தீர்ப்பின் கடுமையில் குறைகூற எதுவுமில்லை. ஆனால் 1996-இல் முதலாண்டில் இருந்த மாணவர்கள் அனைவரும் படிப்பை முடித்து, பலர் நடுவயதை நெருங்கும் மருத்துவர்களான பின் வந்த ஒரு தீர்ப்பு, இன்று விடுதியில் கை ஓங்கும் ஒருவரைத் தடுத்து நிறுத்தும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஓங்கிய கையை இறக்கவைப்பது அடுத்த நாள் காலையே விசாரணை வரும் என்னும் உறுதிதான்.

சிதம்பரம் நிகழ்வுக்கு ஓராண்டுக்குப் பின், 1997-இல், பேராதனையின் பொறியியல் பீடத்தில் செல்வநாயகம் வரப்பிரகாஷ் என்னும் தமிழ் மாணவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அவர்மீது கத்தியோ தடியோ பயன்படுத்தப்படவில்லை. அளவுமீறிய உடற்பயிற்சியே ஆயுதமாயிற்று. இடைவிடாமல் தண்டால் போன்ற பயிற்சிகளுக்குக் கட்டாயப்படுத்தப்படும் உடலில் தசைகள் சிதைந்து, அவற்றிலுள்ள மயோகுளோபின் என்னும் புரதம் இரத்தத்தில் கலக்கும். அதை வடிகட்ட முனையும் சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் அடைபட்டு, சில நாள்களில் சிறுநீரகமே செயலிழக்கும். 'இரண்டு தண்டால் எடுக்கச் சொன்னதெல்லாம் ஒரு குற்றமா' என்று கேட்போர் இந்த உடலியல் உண்மையை அறியாதவர்கள். போர் உச்சத்திலிருந்த அந்த ஆண்டுகளில், வடக்கிலும் கிழக்கிலும் இருந்து தெற்கத்திய வளாகமொன்றுக்குப் பிள்ளையை அனுப்பிய தமிழ்ப் பெற்றோர் சோதனைச் சாவடிகளையும் கைதுகளையும் எண்ணி அஞ்சியிருப்பர். விடுதிக்குள் காத்திருந்த ஆபத்தை எண்ணியிருக்கமாட்டார்கள்.

அடுத்த ஆண்டு இலங்கைப் பாராளுமன்றம் 1998-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றி, கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் ஏனைய வன்செயல்களையும் தடைசெய்தது. பகிடிவதைக்கு 2 ஆண்டு வரையும், அதன்போது பாலியல் துன்புறுத்தலோ கொடுங்காயமோ விளைவித்தால் 10 ஆண்டு வரையும் கடூழியச் சிறை என்று அது படிநிலை வகுத்ததால், தமிழ்நாட்டுச் சட்டத்தைவிடப் பன்மடங்கு கடுமையானதாயிற்று. ஆனால் 2002-இல் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பகிடிவதையை எதிர்த்து நின்ற மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் தாக்கப்பட்டு உயிரிழந்தபோது, அச்சட்டம் நான்காண்டுப் பழையதாக இருந்தது. தண்டனையின் ஆண்டுகளை 2-இலிருந்து 10-ஆக உயர்த்துவதால் மட்டும் விடுதியின் இரவு மாறிவிடுவதில்லை என்பதற்கு இவ்விரு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே போதும்.

இந்திய உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடும் ஒரே நேர்கோட்டில் செல்லவில்லை. விஸ்வ ஜாக்ரிதி மிஷன் என்னும் அமைப்பு தொடுத்த பொதுநல வழக்கில் 2001 மே மாதம் தீர்ப்பளித்த நீதிமன்றம், ராகிங்கைக் காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றமாக்குவதால் மட்டும் அதைக் குணப்படுத்திவிட முடியாது என்றும், மாணவர் ஒழுங்கை முதன்மையாக ஆசிரியர்களே கையாள வேண்டும் என்றும், தவிர்க்க முடியாதபோது மட்டுமே காவல்துறை வரவேண்டும் என்றும் கருதியது. அதே தீர்ப்பு, ராகிங்கைத் தடுக்கத் தவறுவது நிர்வாகத்தின், முதல்வரின், விடுதிக் காப்பாளரின் கடமைத் தவறாகக் கொள்ளப்படும் என்றும், இடப்பெயர்வுச் சான்றிதழில் மாணவர் ராகிங்குக்காகத் தண்டிக்கப்பட்டவரா என்று குறிக்க வேண்டும் என்றும் நெறி வகுத்தது. மாணவர் வாழ்வு காவல் நிலையத்தில் சிதைந்துவிடக் கூடாது என்னும் நீதிமன்றத்தின் அக்கறை மதிக்கத்தக்கதே. ஆயினும் நடைமுறையில் முதல் பாதியை மட்டும் நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. காவல்துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பதற்கு அது நியாயமாயிற்று. கடமைத் தவறு பற்றிய மறுபாதி கோப்பிலேயே தங்கிவிட்டது.

ஐந்தாண்டுகளில் நீதிமன்றம் தன் முந்தைய மென்மையை மறுபரிசீலனை செய்ய நேர்ந்தது. கேரளப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் 2006-இல் அது அமைக்கச் செய்த குழுவுக்கு, தமிழ்நாட்டுப் பிரிவைச் சேர்ந்த இந்தியக் காவல் பணி அலுவலரும் மத்தியப் புலனாய்வுத் துறையின் முன்னாள் இயக்குநருமான ஆர்.கே. ராகவன் தலைமை தாங்கினார். குழுவின் பரிந்துரைகளை ஏற்று 2007 மே மாதம் பிறப்பித்த ஆணையில், நிறுவனத்தின் நடவடிக்கையில் பாதிக்கப்பட்டவரோ பெற்றோரோ நிறைவடையாவிடில் முதல் தகவல் அறிக்கை, அதாவது குற்றத்தைக் காவல் நிலையம் முறைப்படி பதிவுசெய்யும் ஆவணம், விதிவிலக்கின்றிப் பதியப்பட வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. அந்த ஆணை நடைமுறையில் இருந்தபோதே, 2009 மார்ச் 8 அன்று இமாசலப் பிரதேசத்தின் டாண்டா மருத்துவக் கல்லூரியில் அமன் கச்ரூ என்னும் 19 வயது முதலாண்டு மாணவர் மூத்த மாணவர்களின் அடியால் இறந்தார். அவ்வழக்கு விரைவு நீதிமன்றத்தில் நடந்து, 2010 நவம்பரில் நால்வருக்குத் தலா 4 ஆண்டு கடுங்காவல் தண்டனை கிடைத்தது. சிதம்பரம் வழக்கோடு ஒப்பிட்டால் தண்டனை சிறிது; காலமோ இருபதே மாதங்கள். இரண்டில் எது கண்டிப்பானது என்பதில் கருத்து வேறுபடலாம். ஆனால் அந்தத் தண்டனையைச் செய்தித்தாளில் படித்த மாணவர்களுள் பலர், அந்தச் சாவு நிகழ்ந்தபோதும் கல்லூரியில் இருந்தவர்கள் என்பதால் அதன் பயன் அவர்களை எட்டியது.

அதே 2009 ஜூனில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிமுறைகளே இன்றுவரை நடைமுறையில் இருப்பவை. மாணவரும் பெற்றோரும் சேர்க்கையின்போது உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். முதலாண்டு மாணவர் தனி விடுதியிலோ தனிப் பகுதியிலோ தங்க வேண்டும். ராகிங் தடுப்புப் படை விடுதிகளில் முன்னறிவிப்பின்றிச் சோதனை நடத்த வேண்டும். தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவர் முதல் தகவல் அறிக்கைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். பெயர் சொல்லாமலும் புகார் தரக்கூடிய கட்டணமில்லா உதவி எண்ணும் நாடெங்கும் அறிமுகமாயிற்று. மகனை இழந்த ராஜேந்திர கச்ரூ அதன் கண்காணிப்பில் பல ஆண்டுகள் ஈடுபட்டார். 2016-இல் வரையறை விரிவாக்கப்பட்டு, நிறம், சாதி, மதம், இனம், பாலினம், வட்டாரம், மொழி முதலியவற்றைச் சுட்டி இழிவுபடுத்துவதும் ராகிங் என்று சேர்க்கப்பட்டது. காலந்தாழ்ந்து வந்த திருத்தம் அது. 'இன்ட்ரோ'வில் ஊர்ப் பெயரும் தந்தை பெயரும் எதற்காகக் கேட்கப்படுகின்றன என்பதைத் தமிழ்நாட்டு விடுதிகளில் தங்கிய எந்த மாணவரும் அறிவார்.

ஏட்டில் இத்தனையும் இருக்க, ஒரு புகார் உண்மையில் செல்லும் பாதையைப் பின்தொடர்ந்தால் கண்டிப்பு எங்கே கரைகிறது என்பது தெரியும். அடிவாங்கியவர் முதலில் சொல்வது அறைத் தோழரிடம். அவர் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார். அடுத்து வீட்டுக்கு; அங்கே, வாங்கிய கடனும் கட்டிய கட்டணமும் நினைவுக்கு வர, சில நாளில் சரியாகிவிடும் என்னும் ஆறுதலே விடையாகிறது. அதையும் கடந்து காப்பாளரிடம் போனால், அவர் பெரும்பாலும் கற்பித்தலோடு இதைக் கூடுதல் பணியாகச் சுமக்கும் ஆசிரியர், இரவில் விடுதியில் தங்காதவர்; இரு தரப்பையும் அழைத்து மன்னிப்புக் கேட்கச் செய்து அனுப்புகிறார். மன்னிப்புக் கேட்டவரும் பெற்றவரும் அன்றிரவு ஒரே மாடிக்குத்தான் திரும்ப வேண்டும். முதல்வரை எட்டும் புகாரோ, கல்லூரியின் பெயர், அடுத்த ஆண்டுச் சேர்க்கை, தரமதிப்பீட்டுக் குழுவின் வருகை ஆகியவற்றோடு சேர்த்து எடைபோடப்படுகிறது. 7-ஆம் பிரிவின்படி அம்முதல்வர்மீது வழக்குத் தொடுக்க வேண்டியவர் யார் என்று கேட்டால், இன்னும் நான்காண்டுகள் அவரிடமே படித்து, அவர் கையெழுத்திட்ட சான்றிதழோடு வெளியேற வேண்டிய அதே மாணவர்தான். சட்டம் முதல்வரைப் பொறுப்பாக்கியது. அப்பொறுப்பைக் கேட்டு நிற்க வெளியிலிருந்து ஒருவரை நியமிக்க மறந்துவிட்டது. சமூகத்தின் பங்கும் இதில் சிறிதன்று. பிற இடங்களில் அடிதடி என்று அழைக்கப்படுவது விடுதிக்குள் நடந்தால் 'ஜாலிக்காகச் செய்தது' ஆகிவிடுகிறது. கூச்சம் போக்கும், துணிச்சல் வளர்க்கும் என்று அதைப் போற்றும் பழைய மாணவர்கள் இன்றும் மேடைகளில் கைத்தட்டல் பெறுகிறார்கள்.

அண்மைய ஆண்டுகளின் நிகழ்வுகள் இதையே காட்டுகின்றன. 2023 ஆகஸ்டில் கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழக விடுதியின் மாடியிலிருந்து விழுந்து உயிரிழந்த முதலாண்டு மாணவரும், 2024 பிப்ரவரியில் வயநாட்டின் கால்நடை மருத்துவக் கல்லூரி விடுதியில் இறந்து கிடந்த மாணவரும் பல கண்கள் பார்த்திருக்கவே துன்புற்றவர்கள். 2025 பிப்ரவரியில் கோட்டயம் அரசு செவிலியர் கல்லூரி விடுதியில் நடந்த கொடுமைகள் வெளிவந்தபோது, அவை முந்தைய நவம்பர் முதலே தொடர்ந்து வந்தது தெரியவந்தது; ஐந்து மூத்த மாணவர்கள் கைது செய்யப்பட்டனர். அங்கே உயிரிழப்பு நேரவில்லை. இருந்தும் கல்லூரி முதல்வரும் விடுதிப் பொறுப்பிலிருந்த உதவிப் பேராசிரியரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். வித்தியாலங்காரத்தில் 4 அலுவலர்கள் தண்டிக்கப்பட்டு அரை நூற்றாண்டுக்குப் பின், சாவுக்குக் காத்திராமல் பொறுப்பாளரை நோக்கிக் கை நீண்ட இத்தகைய நடவடிக்கை வரவேற்கத்தக்கது. ஆயினும் பணியிடை நீக்கம் துறைசார் நடவடிக்கையே. விசாரணை முடிந்ததும் அது விலக்கிக்கொள்ளப்படலாம். உடந்தை என்று சட்டம் பெயரிட்டிருக்கும் குற்றத்துக்குக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து, கேளாச் செவியாயிருந்த பதவியை நீதிமன்றத்தின் முன் நிறுத்துவது அதனினும் வேறான செயல். 1997 முதல் அதற்கு வேண்டிய பிரிவு தமிழ்நாட்டுச் சட்டப் புத்தகத்தில் இருந்துகொண்டே இருக்கிறது.